தூரம் மாறவில்லை, நேரம் மாறிவிட்டது

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவின் நரிட்டாவுக்குப் பறந்தவர்கள் 2022 பிப்ரவரி வரை ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் போய் இறங்கினார்கள். மார்ச் மாதம் அதே பயணத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு விமான நிலையங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு இடையே உள்ள தூரம், 7,800 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு முழம்கூட நீளவில்லை. உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவர் விமானத்துக்கு மற்றவர் வான்வெளியை மூடிக்கொண்டன. சைபீரியாவின் மேல் நேராகச் சென்றுகொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது. பின்லாந்து நிறுவனமான ஃபின்னேரின் விமானங்கள் வட துருவத்தின் மேலாகவோ, தெற்கே மத்திய ஆசியாவைச் சுற்றிக்கொண்டோ பறக்கத் தொடங்கின. துருவத்தைக் கடந்து சென்ற பயணிகளுக்கு நிறுவனம் ஒரு சான்றிதழும் தந்தது.

இது முதல் முறையும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மூடியே கிடந்தது. 1957இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ போனது. 1983இல் ஃபின்னேர், டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருளோடு துருவத்தின் மேல் பறந்து எங்கும் நிற்காமல் டோக்கியோவை அடைந்தது. அப்போதும் பதின்மூன்று மணி நேரம்தான். விமானங்கள் நாற்பது ஆண்டுகள் முன்னேறிய பிறகும் பயண நேரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரம் ஒரு வரியிலும் பறக்கும் நேரம் அடுத்த வரியிலும் வந்து நிற்கும். அருகருகே இருப்பதால் இரண்டும் ஒரே வகை எண்கள் என்று நம்பிவிடுகிறோம். தூரம் பூமியின் வடிவத்தைச் சேர்ந்தது. அதை யாரும் எப்போதும் அளந்து சரிபார்க்கலாம். நேரமோ காற்று, எரிபொருள், நாட்டு எல்லை, ஓடுபாதை வரிசை, நிறுவனத்தின் முன்னெச்சரிக்கை எல்லாம் சேர்ந்து ஒதுக்குவது. இந்த வேறுபாடு தெரியாமல் பயணத்தைத் திட்டமிட்டு அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தூரம் எப்படிக் கிடைக்கிறது

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கப்பட்ட ஒரு மையப்புள்ளி உண்டு. பெரும்பாலும் அது ஓடுபாதைகளுக்கு நடுவே அமையும். முனையத்தின் வாசலோ நாம் ஏறும் கேட்டோ கணக்கில் வராது. இணையத்தில் காணும் தூரம், அப்படிப்பட்ட இரண்டு மையப்புள்ளிகளுக்கு இடையே பூமியின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் மிகக் குறுகிய வழியின் நீளம். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதியாக அந்த வழி அமைவதால் அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர்.

தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பாதை கோணலாகத் தெரியும். மெர்கேட்டர் 1569இல் வெளியிட்ட வரைபட முறை மாலுமிகளுக்காக உருவானது. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் அதில் நேர்க்கோடு கிடைக்கும். அதற்கு விலையாக, துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பு வீங்கிக்கொண்டே போகும். அந்தப் படத்தில் நேர்க்கோடாகத் தெரிவது உண்மையில் சுற்றுவழி.

எவ்வளவு சுற்று என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு ஊர்கள், இரண்டும் 60 பாகை வட அட்சரேகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் காட்டுகிறபடி அதே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் தூரம் 10,000 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நேர் வடக்கே கிளம்பித் துருவத்தைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் 6,670 கிலோமீட்டர். மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இது வெறும் கற்பனைக் கணக்கும் அல்ல. ஹெல்சிங்கியும் ஆங்கரேஜும் கிட்டத்தட்ட இப்படித்தான் அமைந்திருக்கின்றன. அவற்றுக்கு இடையே பெருவட்டத் தூரம் சுமார் 6,500 கிலோமீட்டர். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களிலும் விரலால் அழுத்தி இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறிப் படியும்.

பூமி சரியான உருண்டை அல்ல என்பதும் இங்கே கொஞ்சம் தலையிடும். நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. உருண்டை என்றே வைத்துக் கணக்கிட்டால் விடை அதிகபட்சம் அரை சதவீதம் அளவுக்குப் பிசகலாம். 1975இல் வின்சென்ட்டி என்பவர் தட்டையான உருண்டைக்கு ஏற்ற சூத்திரங்களை வெளியிட்டார். மில்லிமீட்டர் வரை துல்லியம் தருபவை. இரண்டு இணையதளங்கள் ஒரே வழித்தடத்துக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் வேறுபட்ட எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான். யாரும் தவறு செய்யவில்லை.

உண்மையில் தவறு நேர்வது அலகில். விமானத் துறை கடல் மைலில் பேசும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்; அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் துண்டின் நீளம் அது. தரை மைல் 1.609 கிலோமீட்டர். '3,000 மைல்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது 4,828 கிலோமீட்டராகவும் இருக்கலாம், 5,556 கிலோமீட்டராகவும் இருக்கலாம். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு. எந்த மைல் என்று பார்க்காமல் நேரத்தைக் கணக்கிட வேண்டாம்.

அந்தக் கோட்டில் யாரும் பறப்பதில்லை

ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில்தான் விமானம் எழும்ப முடியும். அதுவும் எதிர்க்காற்றைப் பார்த்து. போக வேண்டியது கிழக்கே, காற்று மேற்கிலிருந்து வருகிறது என்றால், முதலில் மேற்கே ஏறி, ஊரைச் சுற்றித் திரும்ப வேண்டும். பிறகு வரையறுக்கப்பட்ட புறப்பாட்டு வழி, அதன் பின் ஐந்து எழுத்துப் பெயர் கொண்ட வழிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் வருகை வழி. இவற்றில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டும். நீண்ட பயணத்தில் இந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியாது. முந்நூறு கிலோமீட்டர் பயணத்திலோ இதுவே பெரும் பங்கு.

நடுவழியிலும் தடைகள் உண்டு. திபெத்தியப் பீடபூமியை விமானங்கள் பெரும்பாலும் ஒதுங்கியே போகின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். பயணிகளுக்கான ஆக்சிஜன் பல விமானங்களில் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். கீழே தரையே 15,000 அடியில் இருந்தால் எங்கே இறங்குவது? இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு இன்னொரு விதி. ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் மற்றொன்றைக் கொண்டு இறங்க ஒரு விமான நிலையம் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்ட வேண்டும். 1953இல் அமெரிக்கா விதித்த எல்லை 60 நிமிடம். 1985இல் அது 120 ஆனது, சில ஆண்டுகளில் 180 ஆனது. 2014இல் ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக, கரையோரம் வளைந்து சென்ற பாதைகள் கடலுக்கு நடுவே நிமிர்ந்தன. பூமி சுருங்கவில்லை என்றாலும் பயணம் சுருங்கியது.

சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவட்டத் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க் விமான நிலையத்துக்கு அந்த நேரடிச் சேவையை மறுபடி தொடங்கியபோது, பயணத் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர், நேரம் 18 மணி 45 நிமிடம் வரை என்று அறிவித்தது. ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் கூடுதல் என்று தெரிந்தே ஒரு நிறுவனம் ஏன் சுற்றிப் பறக்கிறது? பெருவட்டக் கோடு வட துருவத்தை ஒட்டிப் போகிறது. பசிபிக் பெருங்கடல் வழி நீளமானாலும், அங்கே முதுகில் கைவைத்துத் தள்ளிவிட ஒன்று காத்திருக்கிறது.

காற்றுதான் கணக்கைப் புரட்டுகிறது

விமானம் காற்றில் பறக்கிறது. அந்தக் காற்று பூமியின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றில் துடுப்புப் போடும் படகை நினைத்துக்கொண்டால் போதும். கை வலு ஒன்றுதான். நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெல்ல நகரும்.

ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில், வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் சந்திக்கும் இடங்களில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெரும் வேகத்தில் ஓடும் காற்றாறு ஒன்று இருக்கிறது. அதுதான் ஜெட் காற்றோட்டம். அதை முறையாக அளந்தவர்களில் முந்தியவர் ஜப்பானின் வசாபுரோ ஒய்ஷி. டதேனோ வானாய்வு நிலையத்தின் இயக்குநரான அவர் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகர்வதைத் தொலைநோக்கியில் பின்தொடர்ந்து, குளிர்காலத்தில் மேலே வீசும் கடுங்காற்றைப் பதிவுசெய்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1926இல் தம் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அந்த மொழி அறிந்தவர்கள் மிகச் சிலர். அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1944இல் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள், குண்டு குறி தவறும் அளவுக்குக் காற்று அடிப்பதை நேரில் சந்தித்தபோதுதான் அதன் பலம் எல்லோருக்கும் உறைத்தது. ஒய்ஷியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

லண்டன்–நியூயார்க் தூரம் 5,540 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கிலோமீட்டர் என்றும், மேற்கிலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிழக்கே வரும்போது தரையைப் பொறுத்த வேகம் 1,050. பறக்கும் நேரம் 5 மணி 17 நிமிடம். மேற்கே போகும்போது 750. நேரம் 7 மணி 23 நிமிடம். இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு.

போக இழந்ததை வரும்போது பெற்றுக்கொள்கிறோமே, மொத்தத்தில் சரியாகிவிடுமே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். போக வர 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாத நாளில் 12 மணி 19 நிமிடம். 21 நிமிடத்தைக் காற்று வைத்துக்கொண்டுவிட்டது. காரணம் எளிது: எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் சிக்கியிருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். தண்டனை நீளம், சலுகை குறுகல். எந்த வேகத்தில் காற்று வீசினாலும் போய் வரும் பயணத்தில் அது நமக்கு நஷ்டம்தான்.

அதனால்தான் வட அட்லாண்டிக்கில் பாதைகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. ஷானன், பிரெஸ்ட்விக் என்ற இரண்டு பெயர்களை இணைத்து ஷான்விக் என்று அழைக்கப்படும் கட்டுப்பாட்டு மையமும், கனடாவின் கேண்டர் மையமும் வானிலைக் கணிப்பைப் பார்த்துக் கடல்மேல் தடங்களை வகுக்கின்றன. கிழக்கே வருபவை காற்றோட்டத்துக்குள் புகுந்துகொள்ளும். மேற்கே போகிறவை அதைத் தவிர்த்து வடக்கே கிரீன்லாந்துப் பக்கம்கூட ஒதுங்கும். ஒரே இரண்டு ஊர்கள், ஒரே நாள், போக ஒரு வழி, வர வேறு வழி.

2020 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனைத் தொட்டது. சியாரா புயலை ஒட்டிக் காற்றோட்டம் கொந்தளித்துக்கொண்டிருந்த இரவு அது. தரையைப் பொறுத்து அதன் உச்ச வேகம் மணிக்கு 1,327 கிலோமீட்டர். அந்த உயரத்தில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,060தான். அப்படியானால் 747 ஒலியைத் தாண்டியதா? இல்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது எப்போதும் போலவே பறந்தது; காற்று மொத்தமாக அதைச் சுமந்துகொண்டு ஓடியது. ஒலியை உண்மையாகவே மிஞ்சிப் பறந்த கான்கார்டு இதே தடத்தில் 1996 பிப்ரவரி 7 அன்று 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் முடித்தது.

தெற்கு அரைக்கோளத்திலும் இதே காற்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சிட்னிக்கு வர சுமார் நான்கு மணி நேரம். திரும்பிப் போக ஏறக்குறைய ஐந்து. நடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூர்–ஜகார்த்தா போன்ற தடங்களில் இப்படி எதுவும் இல்லை. போகவும் வரவும் கிட்டத்தட்ட ஒரே நேரம். குளிர்காலத்தில் வேறுபாடு கூடும், கோடையில் குறையும். ஆக, 'இந்த ஊருக்கு எவ்வளவு நேரம்' என்று கேட்டால், எந்தத் திசையில், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் அது அதிகம் மாறவில்லை. 1958இல் சேவைக்கு வந்த போயிங் 707 ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கில் பறந்தது. இன்றைய ஏ320 பத்தில் 7.8, ஏ350 பத்தில் 8.5. அதற்கு மேல் போனால் இறக்கையின் மேல் பாயும் காற்று ஒலி வேகத்தைத் தாண்டி அதிர்வலை உண்டாகி, இழுவையும் எரிபொருள் செலவும் செங்குத்தாக ஏறும். இருக்கும் வரம்புக்குள்ளும் நேரம் முக்கியமா எரிபொருள் முக்கியமா என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு எண்ணைத் தீர்மானித்து விமானக் கணினியில் ஏற்றி வைக்கிறது. எரிபொருள் விலை ஏறினால் விமானம் சற்று மெதுவாகப் போகும்.

தூரத்தை 900ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை குறுகிய பயணங்களில்தான் அதிகம் ஏமாற்றும். 10,000 அடிக்குக் கீழே பல நாடுகளில் வேக வரம்பு 250 நாட்; அதாவது மணிக்கு 250 கடல் மைல், 463 கிலோமீட்டர். இறங்கும் விமானம் தரையைத் தொடுவதற்குச் சுமார் 200 கிலோமீட்டருக்கு முன்பே தாழத் தொடங்கிவிடும். ஐந்நூறு கிலோமீட்டர் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பகுதி. முழு வேகத்தில் நிலைத்துப் பறப்பது கொஞ்ச நேரமே. பல இணையதளங்கள் 800ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டிவிடுகின்றன. தோராயத்துக்கு அது போதும்.

எல்லாக் கணக்கையும் மீறும் தடம் ஒன்றும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். ஒரு பெரிய விமான நிலையத்தின் ஓடுபாதை அளவுதான். 1967 முதல் லோகன்ஏர் சிறு விமானங்கள் அங்கே பறக்கின்றன. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 வினாடியில் முடிந்திருக்கிறது.

டிக்கெட்டில் இருப்பது எந்த நேரம்

பறக்கும் நேரம் என்று நாம் நினைப்பது சக்கரம் தரையை விடுவதிலிருந்து தரையைத் தொடுவது வரை. டிக்கெட்டில் இருப்பதோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டுப் பின்னுக்கு நகரும் கணத்திலிருந்து, சென்ற இடத்தின் நிறுத்துமிடத்தில் நின்று சக்கரத்துக்கு அணை போடும் கணம் வரை. துறையில் அதற்கு 'பிளாக் டைம்' என்று பெயர். நடுவே ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, வானில் வட்டமடிப்பது எல்லாம் அடக்கம்.

ஊர்ந்து போவதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலில் 2003இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதை முனையத்திலிருந்து வெகு தூரம் தள்ளி இருக்கிறது. அதில் இறங்கும் விமானம் கால் மணி நேரம்போல ஊர்ந்தே வர வேண்டும். வழியில் நெடுஞ்சாலை ஒன்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது; சன்னலோரம் இருப்பவருக்குக் கீழே கார்கள் ஓடுவது தெரியும். லண்டன் ஹீத்ரோவிலோ வானத்திலேயே காத்திருப்பு அறைகள் இருக்கின்றன: போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்று நான்கு இடங்கள். ஆயிரம் ஆயிரம் அடி இடைவெளியில் ஒன்றின்மேல் ஒன்றாக விமானங்கள் சுற்றிக்கொண்டு, கீழ் அடுக்கு காலியாக ஆக ஒவ்வொரு படியாக இறங்கும்.

இந்தக் காத்திருப்புகளையெல்லாம் நிறுவனங்கள் முன்கூட்டியே அட்டவணையில் சேர்த்துவிடுகின்றன. கடந்த பருவங்களில் அந்தச் சேவைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்ற பதிவுகளைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் தாமதம் என்று பெயர் வராத அளவுக்கு ஒதுக்குகிறார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் அது 'சரியான நேரம்'. அட்டவணையே மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் கோடை, குளிர் என மாறுகிறது. அதோடு காற்றுக்கு ஏற்ப ஒதுக்கும் நேரமும் மாறும்.

ஒரு பயணத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் முதல் விமானத்தின் சக்கரங்கள் குறித்த நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே ஓடுபாதையைத் தொட்டன. இருக்கைத் திரையில் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். பிறகு ஊர்ந்தோம். எங்களுக்குரிய நிறுத்துமிடத்தில் வேறு விமானம் நின்றதால் காத்திருந்தோம். அணை போட்டபோது நான்கு நிமிடம் தாமதம். பதிவில் அது சரியான நேரம். கடைசி வரிசைகளில் ஒன்றில் இருந்த நான் வெளியே வர மேலும் பதினேழு நிமிடம். அடுத்த கேட்டின் கதவு கண்ணெதிரே மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. அதில் ஏற வழி இல்லை. அன்று இரவு முழுவதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, 'சீக்கிரமே வந்துவிட்டோமே' என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிகாரங்கள்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பயண நேரம் வராது. லண்டனில் காலை 11 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால் மூன்று மணி நேரப் பயணம் அல்ல. ஊர்களுக்கிடையே ஐந்து மணி நேர வேறுபாடு, ஆகவே எட்டு மணி நேரம். அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுகிறது. பிரிட்டன் கடைசி ஞாயிறுவரை பொறுக்கிறது. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரங்களுக்கு வேறுபாடு நான்கு மணி நேரம்தான். இலையுதிர்காலத்தில் இன்னொரு வாரமும் அப்படியே. எல்லா வேறுபாடுகளும் முழு மணி நேரமாகவும் இருப்பதில்லை: இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே கால் மணி நேரம்.

தேதிக்கோட்டைத் தாண்டினால் கணக்கு இன்னும் விசித்திரமாகும். சமோவா நாடு 2011இல் டிசம்பர் 30ஆம் தேதியையே விட்டுவிட்டு, 29இலிருந்து 31க்குத் தாவி, கோட்டின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. அண்டையில் உள்ள அமெரிக்க சமோவா இருந்த பக்கமே இருக்கிறது. இன்று இரண்டுக்கும் சரியாக 24 மணி நேர வேறுபாடு. தூரம் சுமார் 150 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை காலை சமோவாவில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் அமெரிக்க சமோவாவில் இறங்கும்போது திங்கட்கிழமை காலை. அதனால்தான் விமானிகளும் கட்டுப்பாட்டு மையங்களும் உலகம் முழுக்க ஒரே பொது நேரத்தை வைத்துப் பேசுகிறார்கள். உள்ளூர் நேரம் பயணிகளுக்கு மட்டும்.

இவ்வளவையும் சேர்த்து, இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு இடைவெளி போதும் என்று பார்க்கலாம். முதல் விமானம் சேரும் நேரம் 10.00, அடுத்தது கிளம்பும் நேரம் 11.00 என்று டிக்கெட்டில் இருக்கிறது. பார்வைக்கு ஒரு மணி நேரம். ஆனால் 10.00 என்பது அணை போடும் கணம். கதவு திறந்து பின்வரிசையில் இருப்பவர் வெளியே வர 10.15 ஆகும். 11.00 என்பது விமானம் நகரும் கணம். கேட் அதற்கு 15 அல்லது 20 நிமிடம் முன்பே மூடும். கையில் மிஞ்சுவது அதிகபட்சம் அரை மணி நேரம். அதற்குள் முனையம் மாற வேண்டுமா, பாதுகாப்புச் சோதனை மறுபடி உண்டா, குடிநுழைவு வரிசை உண்டா என்பதைப் பொறுத்து அது போதும் அல்லது போதாது. இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு முழுவதும் பயணியின் தலையில்.

அந்த இரவுக்குப் பிறகு நான் டிக்கெட் எடுக்கும் முன் தூரத்தைப் பார்ப்பதில்லை. அதே எண்ணுள்ள சேவை கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை மணிக்கு நிறுத்துமிடத்தைச் சேர்ந்தது என்ற பதிவை ஒவ்வொரு நாளாகப் பார்க்கிறேன். அதில் மிகத் தாமதமான நாளை எடுத்து, அன்று நான் அந்த விமானத்தின் கடைசி வரிசையில் இருந்திருந்தால் அடுத்ததைப் பிடித்திருப்பேனா என்று கணக்கிடுகிறேன். பிடித்திருக்க மாட்டேன் என்றால் அதற்கு அடுத்த விமானத்தில்தான் இடம் போடுகிறேன்.